மனித உரிமைகளைக் கற்கும் முறை

1962ஆம் ஆண்டில், இலங்கை அரசாங்க சேவையிலிருந்த தமிழ் எழுதுவினைஞர் ஒருவருக்கு வரவேண்டியிருந்த சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. கடமையில் அவர் தவறினாரல்லர். ஒழுக்கத்திற் குறையுடையவரென்று எவரும் குற்றஞ்சாட்டினாருமல்லர். சிங்கள மொழியிற் குறித்த தேர்ச்சியைப் பெறாத உத்தியோகத்தருக்குச் சம்பள ஏற்றம் வழங்கலாகாதெனத் திறைசேரி 1961 டிசம்பரிற் சுற்றறிக்கையொன்று விடுத்திருந்தது. அதன்படி ஏற்றம் நின்றது. தொகை சிறிது. ஆயினும் கோடீஸ்வரன் என்னும் அந்த எழுதுவினைஞர் வாளாவிருந்துவிடவில்லை. சட்டமா அதிபரை எதிர்வாதியாக்கி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். மனித உரிமைகள் என்னும் பொருளைக் கற்க விரும்புவோர்க்கு அவ்வழக்கினும் நல்ல பாடநூல் இந்நாட்டிற் கிடைத்தல் அரிது.

அந்தச் சிறு தொகையைச் சுற்றி மூன்று வினாக்கள் நிற்கின்றன. ஒருவர் தம் தாய்மொழி காரணமாக நட்டமடைவது நியாயமா என்பது மெய்யியலின் வினா. நியாயமன்றாயின், அதனைத் தடுக்கும் விதி எந்நூலில் உளது, யாரை எதிர்த்து, எந்த மன்றில், எத்தனை நாளுக்குள் வழக்கிடுவது என்பது சட்டத்தின் வினா. அத்தகைய சுற்றறிக்கையை விடுக்கும் வலிமை திறைசேரிக்கு எங்கிருந்து வந்தது, அதனை மாற்றும் வலிமை யாரிடத்தது என்பது அரசியலின் வினா. மூன்றனுள் ஒன்றை மட்டும் கற்றவர் வழக்கின் ஒரு பக்கத்தையே கண்டவராவர்.

பள்ளிக்கூடங்களிலோ இவை மூன்றும் பெரும்பாலும் ஒன்றையொன்று காணாமலே கற்பிக்கப்படுகின்றன. திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த லிங்கநகரில் உயர்தர வகுப்பிற் பயிலும் மாணவி ஒருத்தியை எண்ணிப் பார்க்கலாம். அரசியல் விஞ்ஞான பாடத்தில் அவள் மூன்று அரசியலமைப்புகளின் ஆண்டுகளை நெட்டுருச் செய்கிறாள். மனித உரிமைத் தினமாகிய டிசம்பர் 10இற் பேச்சுப் போட்டிக்காக உலகப் பிரகடனத்தின் வாசகங்களை மனனஞ்செய்கிறாள். இவ்விரண்டிற்கும் தன் வீட்டு வாசலுக்கு வரும் கடிதத்துக்கும் தொடர்புண்டு என்பதை வினாத்தாள் அவளிடம் கேட்பதில்லை. கேட்கப்படாததை மாணவர் படிப்பதுமில்லை. இது மாணவரின் குற்றமன்று.

கோடீஸ்வரன் வழக்கின் போக்கைச் சிறிது விரிவாகவே காண்டல் தகும். அக்காலத்தில் நடைமுறையிலிருந்தது சோல்பரி அரசியலமைப்பு. அதில் அடிப்படை உரிமைகளென்று தனி அத்தியாயம் இல்லை. ஆயினும் 29ஆம் பிரிவு ஒரு வேலியாக அமைந்திருந்தது. ஒரு சமூகத்தவர்க்கு இல்லாத இடர்ப்பாட்டை மற்றொரு சமூகத்தவர்க்கு மட்டும் விளைவிக்கும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றலாகாது என்றும், இயற்றினால் அது செல்லாது என்றும் அப்பிரிவு கூறிற்று. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகருமமொழிச் சட்டம் இவ்வேலியைத் தாண்டியதா என்பதே வழக்கின் உட்கிடை.

1964இல் மாவட்ட நீதிபதி ஓ. எல். டி கிறெற்சர் வாதிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். அரசகருமமொழிச் சட்டம் 29ஆம் பிரிவுக்கு முரணானதென்பது அவர் முடிபு. அவர் சிங்களரோ தமிழரோ அல்லர் என்பதனையும், தம் முன்னிருந்த சட்ட வாசகத்தையன்றிப் பிறிதொன்றை அவர் எடைபோடவில்லை என்பதனையும் மாணவர் நினைவிற் கொள்ளலாம். அரசு மேன்முறையீடு செய்தது. 1967இல் உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. ஆனால் எவ்வாறு மாற்றியது என்பதே கவனிக்கத்தக்கது. மொழிச் சட்டம் செல்லுமா செல்லாதா என்னும் வினாவுக்குள் அம்மன்று புகவேயில்லை. அரச சேவகர் ஒருவர் தம் சம்பளத்துக்காக முடியை எதிர்த்து வழக்கிட முடியாது என்ற பழைய ஆங்கிலக் கோட்பாட்டைக் கொண்டு, வாசலிலேயே வழக்கைத் தடுத்துவிட்டது.

வழக்கு இலண்டனிலுள்ள கோமறை மன்றத்துக்குச் சென்றது. 1969 டிசம்பரில் அம்மன்று உயர் நீதிமன்றத்தின் கருத்தைத் தள்ளியது. உழைத்துப் பெறவேண்டிய ஊதியத்தை அரசிடமிருந்தும் வழக்கிட்டுப் பெறலாம் என்றது. ஆனால் அரசியலமைப்பு வினாவைத் தானே தீர்க்க விரும்பாது, முதலில் உயர் நீதிமன்றமே அதனை ஆராயவேண்டுமென்று வழக்கைத் திருப்பியனுப்பியது. 1971இற் கோமறை மன்றத்துக்குச் செல்லும் மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. 1972 மே 22ஆந் திகதி புதிய குடியரசு அரசியலமைப்பு வந்தது. அதில் 29ஆம் பிரிவு இல்லை. மொழிச் சட்டமோ அரசியலமைப்புக்குள்ளேயே இடம்பெற்றுவிட்டது. கோடீஸ்வரன் கேட்ட வினாவுக்கு எந்த உயர்மன்றும் விடை கூறாமலே வழக்கு அடங்கிற்று.

சட்டத்தை மட்டும் படித்தவர்க்கு இஃது ஓர் உரிமை வழக்கு முடிவுறாது நின்ற கதை. அரசியலையும் சேர்த்துப் படித்தவரோ, மன்றத்தின் முன் வினா நின்றுகொண்டிருக்கையில் விடைக்கு ஆதாரமான பிரிவே நீக்கப்பட்டதைக் காண்பார். இனி, ஏட்டிலிருந்து நீக்கப்பட்டுவிட்டதனால் அவ்வுரிமை இல்லாமற் போயிற்றா என்று கேட்பின், அவ்வினா மெய்யியலிடம் திரும்பிவிடுகிறது.

மெய்யியலார் இவ்விடத்தில் இருவேறாகப் பிரிவர். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஜோன் லொக் என்னும் ஆங்கில அறிஞர், உயிரும் சுதந்திரமும் உடைமையும் அரசுக்கு முன்னரே மனிதர்க்கு உரியவை, அவற்றைக் காப்பதற்கென்றே அரசு ஏற்பட்டது என்றார். நூறாண்டின் பின் வந்த பெந்தம் இதனை எள்ளி நகையாடினார். இயற்றப்பட்ட சட்டத்தினின்றே உரிமை பிறக்கும். சட்டமில்லாத உரிமை வெறுஞ்சொல் என்பது அவர் கட்சி. லொக்கின் கட்சியை ஏற்பின், 1972இன் பின்னரும் கோடீஸ்வரனுக்கு உரிமை இருந்தது. அதனைப் பெறும் வழியே அடைபட்டது. பெந்தத்தின் கட்சியை ஏற்பின், உரிமையே மறைந்தது. வகுப்பறையில் இரு பக்கமாகப் பிரிந்து வாதிடத் தக்க வினா இது. பெந்தத்தின் கட்சி கேட்போர்க்குக் கசப்பாயினும் அதனை எளிதில் ஒதுக்கிவிடலாகாது. மருந்தில்லாத உரிமையால் நோயாளிக்கு என்ன பயன் என்று அவர் கேட்பதில் உண்மை உண்டு.

தமிழ் மாணவர்க்கு இதனை விளக்க இலண்டனுக்குப் போகவும் வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டம் கையிலிருக்கிறது. பொற்கொல்லன் சொல் ஒன்றையே பற்றி, விசாரணையின்றிக் கோவலன் கொல்லப்படுகிறான். கண்ணகி அரசவை புகுந்து சான்று காட்டுகிறாள். அரசியின் சிலம்பிலிருப்பது முத்து. தன் சிலம்பிலிருப்பது மாணிக்கம். இதனினும் தெளிவான சான்றை எந்த மன்றும் கேளாது. பாண்டியனுக்கு மனச்சான்று இருந்தமையால் அவன் அரியணையிலேயே உயிர்விட்டான். இக்கதையைக் கற்பின் பெருமையாகவும் ஊழின் வலிமையாகவும் கற்பித்து முடிப்பது வழக்கம். உரிமையைக் கற்பவரோ வேறொன்றையும் கேட்கவேண்டும். பாண்டியனுக்கு மனச்சான்று இல்லாதிருந்தால் கண்ணகி எங்கே சென்றிருப்பாள்? அரசனுக்கு மேலே ஒரு மன்று இல்லை; இறந்தவனை மீட்கும் மேன்முறையீடு இல்லை; தண்டத்துக்கு முன் விசாரணை வேண்டுமென்று அரசனைக் கட்டுப்படுத்தும் ஏடு இல்லை. திருக்குறளிற் செங்கோன்மையும் கொடுங்கோன்மையும் அடுத்தடுத்த அதிகாரங்களாக நிற்கின்றன. ஆயின் இரண்டும் அரசன் எவ்வாறு நடக்கவேண்டும் என்பதனையே பேசுகின்றன. குடிமகன் எவ்வாறு வழக்கிடவேண்டும் என்பது அங்குப் பொருளன்று. கடமையை அரசனிடத்து வைத்துப் பேசுவது பழைய முறை. அதே பொருளை உரிமையாகக் குடிமகனிடத்து வைத்துப் பேசுவது புதிய முறை.

அப்புதிய முறையின் பெரிய ஏடு 1948 டிசம்பர் 10ஆந் திகதி பாரிஸ் நகரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட உலக மனித உரிமைப் பிரகடனம். 48 நாடுகள் ஆதரித்தன. 8 நாடுகள் வாக்களியாது ஒதுங்கின. எதிர்த்த நாடு ஒன்றுமில்லை. மேலைநாட்டார் தம் கொள்கையைப் பிறர்மீது ஏற்றியதே அப்பிரகடனம் என்பார் உளர். அதனை உருவாக்கிய ஆணைக்குழுவிற் சீனத்துச் சாங்கும், லெபனான் நாட்டுச் சாள்ஸ் மாலிக்கும், இந்தியாவின் ஹன்சா மேத்தாவும் இருந்தனர் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். முதலாம் உறுப்புரையில் ஆடவரை மட்டும் குறிப்பதாகவும் கொள்ளத்தக்க சொல் இருந்த இடத்தில், மனிதப் பிறவியர் அனைவரையும் குறிக்கும் சொல் வந்தமைந்தது ஹன்சா மேத்தாவின் முயற்சியால். ஒரு சொல்லை மாற்றியதனால் மானிடரிற் பாதிப்பேர் ஐயமின்றி உள்ளே வந்தனர்.

இலங்கை அன்று வாக்களிக்கவில்லை. 1955 டிசம்பரிலேயே அது ஐக்கிய நாடுகளில் உறுப்புரிமை பெற்றது. ஆனால் அந்த 1948ஆம் ஆண்டிலேயே இங்கு வேறொன்று நிகழ்ந்தது. பாரிசிற் பிரகடனம் ஏற்கப்படுவதற்கு இருபத்தைந்து நாள் முன்னர், நவம்பர் 15ஆந் திகதி, இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொருவர்க்கும் ஒரு நாட்டின் குடியுரிமை உண்டு என்று பிரகடனத்தின் 15ஆம் உறுப்புரை கூறுகிறது. தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழரிற் பெரும்பாலோர் குடியுரிமையற்றவராயினர். அடுத்த ஆண்டுச் சட்டத்தால் வாக்குரிமையும் போயிற்று. கோடாக்கன் பிள்ளை என்பவர் இதனை எதிர்த்துத் தொடுத்த வழக்கு 1953இற் கோமறை மன்றத்தில் தோற்றது. தன் குடிமக்கள் யாவரென வரையறுப்பது ஒரு நாட்டின் சட்டசபைக்கு உரியது என்றும், சட்டத்தின் வாசகம் எச்சமூகத்தையும் சுட்டவில்லை என்றும் மன்று கருதிற்று. வாசகம் சுட்டவில்லை என்பது மெய்யே. யாரைத் தாக்கிற்று என்பதைக் கொழுந்து பறித்தவர்கள் அறிவர்.

ஜேர்மனியிற் பிறந்த யூதரும், நெடுங்காலம் நாடற்றவராக வாழ்ந்தவருமாகிய ஹன்னா ஆரென்ட் என்னும் மெய்யியலறிஞர் 1951இல் வெளிவந்த தமது நூலில் இந்நிலையை ஆராய்ந்தார். எல்லா மனிதர்க்கும் உரியன எனப்படும் உரிமைகள், ஒரு நாட்டின் குடியென்னும் நிலையை ஒருவர் இழந்த கணத்தில் அவரைக் காக்கத் தவறுகின்றன. ஆகவே ஏனைய உரிமைகளுக்கெல்லாம் முன்னதாக, ஓர் அரசியற் சமுதாயத்தைச் சேர்ந்திருக்கும் உரிமை வேண்டும் என்பது அவர் கருத்து. ஐரோப்பிய அகதிகளைக் கண்டு அவர் எழுதியது அற்றனுக்கும் பதுளைக்கும் பொருந்துகிறது. 1964இற் கைச்சாத்தான ஸ்ரீமா - சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதெனவும், எஞ்சிய 1,50,000 பேரின் விடயம் பின்னர் தீர்க்கப்படுமெனவும் கூறிற்று. பங்கிடப்பட்டோரிடம் எவரும் கருத்துக் கேட்டதில்லை. எஞ்சி நின்றோர்க்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே வந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள்! மெய்யியல் அறிந்ததைச் சட்டம் ஒப்புக்கொள்ள அவ்வளவு காலம் சென்றது.

1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பைப் படிக்கும்போதும் இந்த நுட்பம் வேண்டப்படும். அதன் மூன்றாம் அத்தியாயத்தில் 11ஆம் உறுப்புரை சித்திரவதையைத் தடுக்கிறது. அங்கு வரும் சொல் ‘ஆள்’. பேச்சு, ஒன்றுகூடல், நடமாட்டம் முதலியவற்றை வழங்கும் 14ஆம் உறுப்புரையில் வரும் சொல் ‘பிரசை’. ஆளுக்கு உரியது எது, பிரசைக்கு மட்டும் உரியது எது என்று அட்டவணையிட்டுப் பார்க்கும் மாணவர், மலையக வரலாற்றையும் ஆரென்டின் வாதத்தையும் அச்சொல் வேறுபாட்டினுள்ளேயே காண்பர். அவ்வத்தியாயத்தில் உயிர்வாழும் உரிமை வெளிப்படையாக எழுதப்படவில்லை என்பதும் பலர் அறியாத செய்தி. 2003இற் பொலிஸ் காவலின்பின் இறந்த ஒருவரின் மனைவி தொடுத்த வழக்கில், நீதிமன்றக் கட்டளையின்றி எவர்க்கும் மரணதண்டனை விதிக்கலாகாது என்ற 13ஆம் உறுப்புரையின் வாசகத்தினுள் உயிர்வாழும் உரிமை அடங்கியிருக்கிறதென உயர் நீதிமன்றம் கண்டது. இல்லாததை நீதிபதிகள் படைத்தார்கள் என்பாரும், இருந்ததைக் கண்டெடுத்தார்கள் என்பாரும் உளர். லொக்கும் பெந்தமும் மறுபடி வந்துவிட்டனர்.

சட்டத்தின் கதவு எவ்வளவு குறுகியது என்பதனையும் அறிந்திருத்தல் வேண்டும். அடிப்படை உரிமை மீறப்பட்டவர் 126ஆம் உறுப்புரையின்கீழ் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுச்செய்யவேண்டும். அம்மன்று கொழும்பில் உளது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் அம்மாதத்துக்குள் முறையிட்டால், விசாரணை நடைபெறும் காலம் அந்த ஒரு மாதத்திற் சேராது. இந்த ஒரு விதியை அறியாமையாலேயே கதவடைபட்டு நிற்க நேரும். பழைய சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாயினும் தொடர்ந்து செல்லும் என்று 16ஆம் உறுப்புரை கூறுவதும் பலர்க்கு வியப்பாகவே இருக்கும். முன்வாயிலில் உரிமையை எழுதிவைத்துப் பின்வாயிலைத் திறந்துவைத்தது போன்ற ஏற்பாடு அது.

அரசியல் என்னும் மூன்றாவது கல்விக்குத் திருகோணமலையே இடமாயிருந்திருக்கிறது. அரசகருமமொழிச் சட்டம் நிறைவேறிய சில வாரங்களில், 1956 ஆகஸ்டில், தமிழரசுக் கட்சி தன் மாநாட்டை இந்நகரிற் கூட்டியது. சமஷ்டி ஆட்சி, தமிழுக்குச் சமநிலை, மலையகத் தமிழரின் குடியுரிமை என்பன அங்கு எழுந்த கோரிக்கைகளுள் முதன்மையானவை. அடுத்த ஆண்டில் பண்டாரநாயக்கா - செல்வநாயகம் உடன்படிக்கை உருவானது. 1958இல் அது கைவிடப்பட்டது. தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என்னும் வாசகம் 1987 நவம்பரிற் பதின்மூன்றாம் திருத்தத்தின் வழியே அரசியலமைப்பினுட் புகுந்தது. கோடீஸ்வரனுக்கு மன்று வழங்காததை அரசியல் வழங்கிற்று என்று கூறலாம். ஆனால் அதற்குள் கலவரங்களையும் போரையும் நாடு கண்டுவிட்டது. மன்றம் 1967இலேயே அந்த வினாவுக்குள் புகுந்து விடைகூறியிருந்தால் வரலாறு வேறாயிருந்திருக்குமா என்பது வரலாற்றாசிரியர்க்கும் எட்டாத வினா. கேட்கத் தகாத வினாவன்று.

சட்டம் ஏட்டில் இருந்தும் அது நடைபெறாதிருப்பதற்கு இந்நகரின் கடற்கரையே சான்று. 2006 ஜனவரி 2ஆந் திகதி மாலை அங்கு ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டனர். குண்டு வெடித்து இறந்தனர் என்று முதலிற் கூறப்பட்டது. பிரேத பரிசோதனை துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் காட்டிற்று. சாட்சிகளுட் சிலர் நாட்டை விட்டே நீங்கினர். 2013இற் பொலிஸ் விசேட அதிரடிப்படையினர் சிலர் கைதாயினர். 2019 ஜூலையில் திருகோணமலை நீதவான் நீதிமன்றம், போதிய சான்று இல்லையென்று, குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரையும் விடுவித்தது. சாட்சிகளைக் காக்கும் சட்டம் 2015இலேயே, நிகழ்ச்சிக்கு ஒன்பது ஆண்டின் பின், இயற்றப்பட்டது. கண்ணகியிடம் சிலம்பு இருந்தது. அதைக் கையிலேந்தி அவை புகுவதற்கு வாயிலோனும் வழிவிட்டான். சாட்சி அஞ்சி நாடு நீங்கும் இடத்திற் சான்று எங்ஙனம் மன்றை அடையும்? தண்டனைச் சட்டக்கோவையில் இதற்கு விடையில்லை. சாட்சியை அஞ்சாதிருக்கச் செய்யும் வலிமை யாரிடம் உளது, அவர் அதனை ஏன் செய்யவில்லை என்பது அரசியலின் வினா.

அரசை நோக்கி மட்டுமே உரிமையைப் பேசுவதும் ஒருவகைக் குறைக்கல்விதான். கோயில் வாயிலில் நிறுத்தப்பட்டவரைத் தடுத்தது கொழும்பன்று. 1957இற் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் இயற்றப்பட்டும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுள் நுழையத் தமிழர் சிலர் தமிழரை எதிர்த்தே போராட வேண்டியிருந்தது. இந்த அத்தியாயத்தை விட்டுவிட்டு ஏனையவற்றைக் கற்பிக்கும் ஆசிரியரை மாணவர் நெடுநாள் நம்பமாட்டார்.

இனி, லிங்கநகர் மாணவியிடம் திரும்பலாம். அவள் வீட்டுக்கு அரசாங்க அலுவலகம் ஒன்றிலிருந்து சிங்களத்தில் மட்டும் எழுதிய கடிதம் வந்ததாகப் பாவனைசெய்து, அதனையே பாடமாக ஆசிரியர் வகுப்பில் வைக்கலாம். கடிதம் கிடைத்த நாளை உறையிற் குறித்து வைப்பது முதற்செயல். ஒரு மாதக் கணக்கு அன்று தொடங்குகிறது. மொழியுரிமை மீறலும் 126ஆம் உறுப்புரையினுள் அடங்கும். 1991ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கும் முறைப்பாடு எழுதலாம். வடக்கிலும் கிழக்கிலும் நிருவாக மொழி தமிழ் என்று கூறும் 22ஆம் உறுப்புரையை மாணவரே தேடியெடுக்கட்டும். அடுத்து, அவ்வலுவலகத்தில் தமிழில் எழுதவல்லார் எத்தனை பேர், அவர்களை நியமிப்பவர் யார், அதற்குப் பணம் ஒதுக்குபவர் யார் என்று விசாரிக்கட்டும். அவ்விசாரணையில் அவர்கள் தாமே அரசியலைக் கற்றுவிடுவர்.

அதன்பின் ஆசிரியர் இரண்டாவது கடிதமொன்றை வைக்கலாம். அதே நகரில் வாழும் சிங்களக் குடும்பம் ஒன்றுக்குத் தமிழில் மட்டும் எழுதிய கடிதம் அது. முதற் கடிதத்துக்கு மாணவர் எழுதிய காரணங்கள் இதற்கும் நிற்குமா, நில்லாவா என்று அவர்களே தம் ஏட்டைப் புரட்டிப் பார்க்கவேண்டும். இரண்டாவது மனுவை எழுத வேண்டிய விதியும் அதே 22ஆம் உறுப்புரையிலேயே இருக்கிறது.